மின்பாடநூலும் வாங்குவோர் உரிமையும்

கல்வியாண்டு தொடங்கும் வாரங்களில் மும்பை மாதுங்காவின் நடைபாதைக் கடைகளிலும், தில்லி நை சடக்கிலும், கொல்கத்தா காலேஜ் தெருவிலும், பெங்களூர் அவென்யூ சாலையிலும் பழைய பாடப் புத்தகங்களைத் தேடிப் பெற்றோரும் பிள்ளைகளும் நிற்பதைக் காண்கிறோம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இக்கடைகளின் உதவியால் பட்டம் பெற்றவர்கள் பலர் உண்டு. பாதி விலைக்குப் புத்தகம் கிடைக்கிறது. ஆண்டு முடிந்ததும் அதே கடைக்காரரிடம் கொடுத்தால் ஓரளவு பணமும் திரும்புகிறது. முன்னே படித்தவர் அடிக்கோடிட்ட வரிகளும், ஓரத்தில் ‘முக்கியம்’ என்று எழுதிவைத்த குறிப்புகளும் இலவச இணைப்பு. அக்குறிப்புகள் வகுப்பறை விளக்கத்தைவிட மிகுந்த பயன் தந்ததும் உண்டு.

இவ்வாணிகம் முழுவதும் ஒரு சிறு சட்டக் கொள்கையின் மேல் நிற்கிறது. ஒரு நூலின் பிரதியை ஒருவர் முறையாக விலை கொடுத்து வாங்கிவிட்டால், அந்தப் பிரதியின்மேல் பதிப்பாளருக்கு இருந்த அதிகாரம் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. வாங்கியவர் அதை விற்கலாம், இரவல் தரலாம், தானமும் செய்யலாம். அமெரிக்காவில் இக்கொள்கை 1908 ஆம் ஆண்டு உறுதியாயிற்று. பாப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், ‘இதனை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமை மீறல்’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பை அச்சிட்டது. நியூயார்க்கின் மேசி அங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. முதல் விற்பனைக்குப் பின் விலையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பகத்திற்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை நூலாசிரியருக்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே புழக்கத்திற்கு வந்துவிட்ட பிரதிகள் அதில் அடங்கா. நை சடக்கின் பழைய புத்தகக் கடைக்காரர் இந்தப் பிரிவைப் படித்திருக்க வேண்டுவதில்லை. எனினும் அவர் கடை அதனால்தான் நடக்கிறது.

மின்பாடநூல் வந்ததும் இந்தக் கொள்கை எட்டாக்கையாகிவிட்டது. விலைக்குக் கிடைக்கும் மின்பாடநூல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மாணவர் வாங்குவது புத்தகம் அன்று; குறிப்பிட்ட காலம்வரை குறிப்பிட்ட செயலியில் அதைப் படித்துக்கொள்ளும் அனுமதியே. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நீண்ட ஒப்பந்தம் ஒன்றுக்கும் நாம் உடன்படுகிறோம். பிறருக்கு மாற்றக்கூடாது, விற்கக்கூடாது, இத்தனை பக்கங்களுக்கு மேல் அச்சிடக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. அதைப் படித்துப் பார்த்துப் பின் அழுத்துகிறவர் யார்?

பயன்படுத்திய மின்கோப்பை மறுவிற்பனை செய்ய முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம் இசைக்கோப்புகளை அவ்வாறு விற்க முற்பட்டது. ஒரு கோப்பை மற்றொரு கணினிக்கு மாற்றும்போது புதிய பிரதி ஒன்று உண்டாகிவிடுகிறது. ஆகவே பழைய கொள்கை இங்கே பொருந்தாது என்று 2018 இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நெதர்லாந்தின் டாம் காபினெட் நிறுவனம் பழைய மின்னூல்களை விற்றது. 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதற்கு இடமளிக்கவில்லை. காகிதப் புத்தகம் கைமாறக் கைமாற நைந்துபோகும். மின்கோப்பு ஆயிரம் கை மாறினாலும் புதுக்கருக்குக் குலையாது. எனவே மறுவிற்பனையை அனுமதித்தால் புதிய பிரதியை யாரும் வாங்கார் என்பது பதிப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் மறுவிற்பனை மதிப்பை இழந்த பொருளின் விலை அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டுமன்றோ என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். எண்கள் நாமே கற்பித்துக்கொண்டவை. நேயர்கள் தங்கள் வீட்டுச் செலவைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பொறியியல் புத்தகத்தின் அச்சுப்பிரதி 900 ரூபாய், ஓராண்டு மின்னனுமதி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலொரு பங்கு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அச்சுப்பிரதியை ஆண்டு முடிவில் 400 ரூபாய்க்கு விற்றுவிட்டால் மாணவரின் உண்மைச் செலவு 500 ரூபாய்தான். அதே புத்தகத்தைப் பழைய கடையில் 550 ரூபாய்க்கு வாங்கி, பின்னர் 300 ரூபாய்க்குத் தள்ளுகிறவருக்கு ஆகும் செலவு 250. மின்னனுமதி பெற்றவருக்கு 600 ரூபாயும் போனதுதான். வீட்டில் அண்ணனுக்குப் பின் தம்பியும் அதே படிப்பில் சேர்ந்தால் அச்சுப்புத்தகத்திற்கு மறுசெலவு இல்லை. மின்னூலுக்கு மீண்டும் 600. விலைப்பட்டியலில் மலிவாகக் காண்பது கைச்செலவில் மலிவாக இராமற்போவது இவ்வாறுதான். மறுதேர்வு எழுத வேண்டியவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தேர்வு நெருங்கும்போது அனுமதி முடிந்திருக்கும்.

பாடநூல் வாணிகத்தில் வேறொரு விந்தையும் உண்டு. எந்தப் புத்தகம் என்று தீர்மானிப்பவர் பேராசிரியர். பணம் கொடுப்பவர் மாணவர். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளி விலை பேசாமல் வாங்குவதைப் போன்றது இது. விலை ஏறினாலும் வேறு புத்தகத்திற்கு மாற மாணவருக்கு வழியில்லை. அவர் கையில் இருந்த ஒரே தற்காப்பு, புதிதை விட்டுப் பழையதை வாங்குவது. பழைய புத்தகச் சந்தை புதிய புத்தகத்தின் விலைக்கும் ஒரு கடிவாளமாக இருந்துவந்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றி ‘திருத்திய பதிப்பு’ வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு இக்கடிவாளத்தைத் தளர்த்துவதும் ஒரு காரணம். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2006 முதல் 2016 வரை கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 சதவீதம் உயர்ந்தது. அக்காலத்தில் பொது விலைவாசி உயர்வு 21 சதவீத அளவே.

இந்த ஏற்றத்தைத் தாங்கமாட்டாத மாணவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று நம் பக்கத்து நாடுகளோடும் தொடர்புடையது. ஆசிய நாடுகளுக்கென்று மலிவுப்பதிப்புகள் அச்சிடப்படுவதையும், ‘இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டும் விற்பனைக்கு’ என்று அவற்றின் அட்டையில் பொறிக்கப்படுவதையும் நாம் அறிவோம். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற சுபாப் கிர்ட்சாங் என்ற மாணவர், தம் நாட்டில் உறவினர்களைக் கொண்டு இத்தகைய பதிப்புகளை வாங்கச் செய்து, அமெரிக்காவில் இணையவழி விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் 6 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளிற்று. எந்த நாட்டில் அச்சிட்டாலும், முறையாக வாங்கிய பிரதி வாங்கியவருடையதே என்பது தீர்ப்பின் சாரம். மாணவர்களுக்குப் பெருவெற்றி என்று அன்று பேசப்பட்டது. ஆனால் அவ்வெற்றி காகிதத்திற்கு மட்டும் உரியது. 2019 இல் பியர்சன் நிறுவனம், அமெரிக்காவில் தன் 1,500 பாடநூல்களின் வருங்காலப் பதிப்புகளை முதலில் மின்வடிவிலேயே வெளியிடப்போவதாக அறிவித்தது. 2021 இல் மாதச் சந்தா முறையையும் தொடங்கிற்று. கைமாற்றப் பிரதியே இல்லாதபோது கைமாற்றும் உரிமை இருந்து என்ன பயன்?

அங்கே இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. வீட்டுப் பாடத்தையே பதிப்பகத்தின் இணையத்தளத்தில் செய்ய வேண்டும். அதற்குள் நுழைய ஒரு கடவுக்குறி வேண்டும். ஒரு குறியை ஒருவரே பயன்படுத்தலாம். புத்தகத்தை நண்பரிடம் இரவல் வாங்கிவிடலாம். வீட்டுப் பாடத்தை எவரிடம் இரவல் வாங்குவது? மதிப்பெண்ணில் ஒரு பங்கு அதற்கு இருக்கும்போது, பணம் கட்டாத மாணவர் படிப்பிலும் பின்தங்க நேர்கிறது. மேற்படிப்புக்காகப் பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே இப்போது பல. கல்விக்கட்டணத்தோடு சேர்த்தே மின்பாடநூல் தொகையை வசூலிக்கும் கல்லூரிகள் அங்கு உண்டென்பதையும், வேண்டாமென்று குறித்த நாளுக்குள் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ள அவற்றில் பொதுவாக வழியுண்டென்பதையும் அவர்கள் அறிந்திருப்பது நலம்.

வாங்கிய நூல் மறைந்துபோகவும் கூடுமா? 2009 ஜூலையில், அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்கள் ஓரிரவில் நீக்கப்பட்டன. அவற்றை விற்ற இடைநிறுவனத்திற்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். நீக்கப்பட்ட நூல்களுள் ஒன்று, அரசு தனக்கு ஒவ்வாத ஏடுகளை அழிப்பதைச் சொல்லும் ‘1984’ என்பதைக் கற்பனையாளன் எவனும் துணிந்து எழுதியிருக்கமாட்டான். பள்ளிப் பாடத்திற்காக அதைப் படித்து, பக்கம்தோறும் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார்; நூல் போனதும் குறிப்புகள் எதைப் பற்றியவை என்றே விளங்காமற் போயின. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019 இல் தன் மின்னூல் அங்காடியை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் யாவும் படிக்க இயலாதவையாயின. நூலின் விலையைத் திருப்பித் தந்ததோடு, குறிப்பெழுதியிருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் வரவு வைத்தார்கள். ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்புக்கு அது விலையாகுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் ஒன்று, அனுமதியை மட்டும் விற்பவர் அதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. சொல்லை நேர்மையாக்குவதே ஒரு தொடக்கம் எனலாம்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற நகலகம் நடந்துவந்தது. பல நூல்களிலிருந்து தேவையான அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதற்காக, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012 இல் அதன்மேல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டு எடுக்கப்படும் நகல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற 52 ஆம் பிரிவின் விலக்கைச் சுட்டி, 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அந்தக் கொள்கையை ஏற்றது. பதிப்பகங்கள் 2017 இல் வழக்கைக் கைவிட்டன. ஏழை மாணவர்களுக்கு இதைவிட உதவிய தீர்ப்பு கல்வித்துறையில் அரிது என்பது நம் கருத்து. ஆனால் பூட்டப்பட்ட மின்பாடநூலை எந்த நகல் இயந்திரத்தின்மேல் வைப்பது? சட்டம் தரும் விலக்கைப் பயன்படுத்தவொட்டாமல் மென்பொருளின் பூட்டு தடுக்கிறது. அப்பூட்டைத் தீய நோக்கத்தோடு உடைப்பதை 2012 இன் திருத்தம் குற்றமாக்கியும் இருக்கிறது.

வரியிலும் வேறுபாடு இருந்து வருகிறது. சரக்கு, சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அச்சுநூலுக்கு வரி இல்லை. மின்னூலுக்கு 18 சதவீதம். ஓராண்டு கழித்து, அச்சிலும் வெளிவந்துள்ள மின்னூல்களுக்கு மட்டும் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே பாடத்தைக் காகிதத்தில் படித்தால் ஒரு நீதி, திரையில் படித்தால் வேறொரு நீதி.

அச்சுநூல் மாணவரைப் பார்ப்பதில்லை, மின்னூல் பார்க்கிறது. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், எந்தக் கணக்கைத் தவறாகப் போட்டார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் பதிவாகக்கூடும். வாங்குபவர் தாமே விற்பனைப் பொருளாகிவிடும் நிலை இது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டலாகாது என்றும் 2023 இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சில விலக்குகளுடன் கூறுகிறது. பெற்றோர் ஒப்புதல் என்பது, அம்மாவின் கைப்பேசியில் பிள்ளையே விரலை வைத்து அழுத்துவதாக முடியாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.

இவ்வளவும் கூறியதால் மின்பாடநூலே வேண்டாம் என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. பார்வையற்ற மாணவருக்கு அது வரப்பிரசாதம். முறையாக அமைந்த மின்னூலைக் கணினியே படித்துக் காட்டும். அத்தகையோருக்கான பிரதிகளைப் பதிப்பாளரின் அனுமதி இன்றியே ஆக்க நம் சட்டம் 2012 முதல் இடம் தருகிறது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 இல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடு இந்தியா. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பள்ளிப் புத்தகங்கள் யாவும் கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன; 2015 முதல் ‘இ-பாடசாலா’ என்ற செயலியிலும் உள்ளன. பணிமாற்றம் பெற்று நடுவாண்டில் நாகபுரியிலிருந்து குவாஹாட்டிக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளை, புத்தகப்பெட்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ என்ற பெயரில் இயற்பியல், சமூகவியல் முதலிய கல்லூரிப் பாடநூல்களை யாவரும் படிக்கவும் படியெடுக்கவும் இலவசமாக வழங்கிவருகிறது. ஆகவே குறை மின்வடிவில் இல்லை. அதன்மேல் பூட்டிய பூட்டிலும், பூட்டின் நிபந்தனைகளிலும் இருக்கிறது.

இவ்வுண்மை நம்மைப் போன்றோருக்குத் தமிழ்க் கல்வியில் மிகத் தெளிவாகப் புலப்படும். போபாலிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்துகொண்டு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் முன்பெல்லாம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் யாரென்று விசாரித்து வைப்போம். அவர் மறந்துவிட்டால் அவ்வாண்டு தமிழ் இல்லை. இப்போது தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் பி.டி.எஃப். கோப்புகளாக விலையின்றிக் கிடைக்கின்றன. வெளிமாநிலங்களிலும் அயல்நாடுகளிலும் வாழ்வோருக்கெனவே 2001 இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடங்களையும் பெரிய மின்னூலகம் ஒன்றையும் நடத்துகிறது. இக்கோப்புகளுக்குக் காலக்கெடு இல்லை. ஒருமுறை இறக்கிவைத்தால் அக்காளுக்குப் பின் தங்கை படிக்கலாம். இணையம் இல்லாத நாளிலும் திறக்கும். எழுத்துக் கூட்டிப் பழகும் குழந்தைக்கு வேண்டிய பத்துப் பக்கங்களைத் தெருமுனை நகலகத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். 2018 முதல் அப்புத்தகங்களில் இடம்பெற்ற க்யூ.ஆர். கட்டங்களைத் திறக்க மட்டும் இணையம் வேண்டும்.

விலை கொடுத்து மின்பாடநூல் வாங்கியே தீரவேண்டும் என்ற நிலையில், பணம் கட்டுமுன் அனுமதி எத்தனை நாளுக்கு, அச்சிட முடியுமா, குறிப்புகளைத் தனியே எடுத்துவைக்க வழியுண்டா, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எளிதில் சேரவிட்டு எளிதில் விலகவிடாத சந்தா வலையை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளன. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தக் குறுஞ்செய்தியைத் தள்ளிவிடாமல் படிப்பது நல்லது. நிபந்தனைகள் காட்டப்படும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னர்ப் புகாருக்குச் சான்றாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் அந்த எண்ணில் தமிழிலேயே முறையிடலாம்.